ஐந்து மின்கலங்களில் ஒரு மேசை மின்வழங்கி: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

இலத்திரனியல் சாதனங்களைப் பழுதுபார்ப்பவரின் மேசையில் பல்மானிக்கு (மல்ரிமீற்றர்) அடுத்தபடியாக இருக்க வேண்டிய கருவி, வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய மின்வழங்கியாகும். கடைகளில் இதனைப் ‘பவர் சப்ளை’ என்றே கேட்டு வாங்குவார்கள். முகப்பில் இரண்டு திருகிகள், இரண்டு இலக்கக் காட்சிகள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் என்று பார்வைக்கு எளிமையாக இருக்கும் இக்கருவி, வழக்கமாகச் சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை எடுத்து, அதனைக் குறைத்து, சீராக்கித் தருகிறது. அந்தச் சுவர்ச் செருகியை நீக்கிவிட்டு, அதே வேலையை மின்கலங்களால் செய்விப்பது எப்படி என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. ஓமின் விதி தெரிந்தவருக்கு இதற்கு மேல் கணிதம் எதுவும் தேவைப்படாது.

கிழக்கிலங்கையிலுள்ள எங்கள் பகுதியில் இப்படியொரு கருவிக்கான தேவை கற்பனையானதல்ல. படுவான்கரையில் வயலோர யானை வேலிக்கு மின்துடிப்பைக் கொடுக்கும் 12 வோல்ற்றுப் பெட்டியைப் பரிசோதிப்பவரும், வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகில் ஏறி மீன் தேடும் கருவியைக் கழற்றிப் பார்ப்பவரும் கையோடு மேசையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடிவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இவற்றுக்கு அப்பால், அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மையும் உண்டு. மின்கலத்தில் இயங்கும் வழங்கிக்குப் புவித்தொடுப்போடு எந்தத் தொடர்பும் இல்லை. எனவே அலைவுகாட்டியின் (ஒசிலோஸ்கோப்) புவி முனையைச் சுற்றின் எந்தப் புள்ளியில் இணைத்தாலும், வழங்கியின் வழியாகக் குறுஞ்சுற்று ஏற்படுவதில்லை. ஒலிபெருக்கிச் சுற்றுகளைச் சோதிக்கும்போது 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் அந்த வழியால் உள்ளே வருவதில்லை.

வடிவமைப்புக்குப் போகுமுன் இரண்டு திருகிகளும் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வோல்ற்றளவுத் திருகி 12 இலும் மின்னோட்டத் திருகி 0.5 இலும் நின்றால், வழங்கி 12 வோல்ற்றையும் 0.5 அம்பியரையும் ஒன்றாகச் சுற்றுக்குள் தள்ளும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, இரண்டும் உச்ச வரம்புகளே. இரண்டு கயிறுகளால் கட்டப்பட்ட மாட்டை, முதலில் இறுகும் கயிறு எதுவோ அதுவே நிறுத்துவதைப்போல, இவ்விரு வரம்புகளில் எது முதலில் எட்டப்படுகிறதோ அதுவே வெளியீட்டைத் தீர்மானிக்கிறது. மேற்சொன்ன அமைப்பில் 100 ஓம் தடையொன்றை இணைத்தால் அது 0.12 அம்பியரையே எடுக்கும். மின்னோட்ட வரம்பு தொடப்படவில்லை, வோல்ற்றளவு 12 இல் அசையாமல் நிற்கும். இது மாறா வோல்ற்றளவு நிலை. அதே முனைகளில் 10 ஓம் தடையை இணைத்தால் அது 1.2 அம்பியரைக் கேட்கும். ஆனால் வழங்கி 0.5 இற்கு மேல் கொடுக்காது, ஆகவே வோல்ற்றளவு தானாகவே 5 வோல்ற்றுக்கு இறங்கிவிடும். இது மாறா மின்னோட்ட நிலை. 12 ஐ 0.5 ஆல் வகுத்தால் வரும் 24 ஓம் தான் இரண்டு நிலைகளுக்கும் இடையிலான எல்லை. எந்த நிலையில் இயங்குவதென்று முடிவு செய்வது வழங்கியல்ல, அதில் இணைக்கப்படும் சுமையே.

பழுதுபார்ப்பில் இந்த மின்னோட்ட வரம்பின் அருமை எளிதில் புரியும். குறுஞ்சுற்றான கைபேசிப் பலகையொன்றுக்கு வரம்பில்லாமல் மின்கொடுத்தால் செம்புப் பாதையே எரிந்துபோகும், 0.2 அம்பியருக்கு வரம்பு வைத்துக் கொடுத்தால், பழுதான உறுப்பு மெல்லச் சூடேறித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். லித்தியம் அயன் மின்கலமொன்றை 4.2 வோல்ற்று, 1 அம்பியர் என்று இரு வரம்புகளையும் வைத்து மேற்பார்வையில் மின்னேற்றலாம் என்பதும் இதே இயல்பால்தான்.

உள்ளே இது நடக்கும் விதம் பின்னூட்டத்தால் ஆனது. வெளியீட்டு வோல்ற்றளவின் ஒரு பங்கை இரண்டு தடைகளால் பிரித்தெடுத்து, மாறாத ஒரு மேற்கோள் வோல்ற்றளவோடு சுற்று இடைவிடாமல் ஒப்பிடுகிறது. கூடினால் குறைக்கிறது, குறைந்தால் கூட்டுகிறது. மின்னோட்டத்தை அளப்பதற்கு, அதன் பாதையிலே மிகச் சிறிய தடையொன்று, உதாரணமாக 0.05 ஓம், தொடராக வைக்கப்படுகிறது. 2 அம்பியர் பாயும்போது அதன் குறுக்கே 0.1 வோல்ற்று தோன்றும். அதனை வேறொரு ஒப்பீட்டுச் சுற்று கவனித்துக்கொண்டிருக்கும். இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகளில் எது ‘குறை’ என்கிறதோ அதன் சொல்லே எடுபடும்படி இணைத்திருப்பார்கள்.

இனி, வடிவமைப்பு. முதலில் முடிவுசெய்ய வேண்டியது வோல்ற்றளவல்ல, வலு. ‘0 முதல் 30 வோல்ற்று, 5 அம்பியர்’ என்ற விளம்பர வாசகம் எல்லோருக்கும் பிடித்தமானது. ஆனால் அதனை மின்கலத்தில் செய்ய முற்பட்டால் கணக்கு உடனே கசந்துவிடும். 30 ஐ 5 ஆல் பெருக்கினால் 150 வாற்று. மின்கல வோல்ற்றளவை வேண்டிய வெளியீடாக மாற்றும் சுற்றான மாற்றியின் திறன் 85 சதவீதம் என்று கொண்டால் மின்கலங்கள் சுமார் 176 வாற்றைக் கொடுக்க வேண்டும். மூன்று லித்தியம் அயன் மின்கலங்களைத் தொடராக வைத்து, அவை வடியும் நேரத்தில் மொத்தம் 9 வோல்ற்றே எஞ்சியிருக்கிறதென்றால், அவற்றிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் ஏறத்தாழ 20 அம்பியர். அந்த அளவுக்குத் தடித்த கம்பி, பெரிய ஆளி, விசிறி, அதற்கேற்ற பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், கையில் தூக்கிப்போகும் கருவி என்ற நோக்கமே மிஞ்சாது. வலுவை எப்போதும் மின்கலம் மிகத் தாழ்ந்திருக்கும் நிலையில் வைத்தே கணக்கிட வேண்டும். நிறைந்திருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும்.

எனது பரிந்துரை 1.25 முதல் 12 வோல்ற்று வரை, 2 அம்பியர் என்பதே. கைபேசி, ரவுட்டர், கண்காணிப்புக் கமரா, எல்.ஈ.டி. விளக்குப் பட்டி, வானொலி, ஆர்டுயினோ போன்ற பலகைகள், மோட்டார் சைக்கிளின் சிறு இலத்திரனியல் பாகங்கள் ஆகிய அனைத்தும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. 19 வோல்ற்று மடிகணினி இதற்குள் வராது. அதற்காக முழு வடிவமைப்பையும் சிக்கலாக்குவது முதல் முறையாகச் செய்பவருக்கு உகந்ததன்று. கீழெல்லை பூச்சியமாக இல்லாமல் 1.25 ஆக இருப்பதும் பெரிய இழப்பல்ல, ஏனெனில் நடைமுறையில் நாம் தேவைப்படுத்தும் மிகக் குறைந்த வோல்ற்றளவு சுவர்க்கடிகார மின்கலத்தின் 1.5 ஆகவே இருக்கிறது.

இந்தத் தெரிவுக்குப் பின்னால் முக்கியமான ஒரு காரணம் உண்டு. வோல்ற்றளவைக் குறைக்கும் சுற்று ‘பக்’ என்றும், கூட்டும் சுற்று ‘பூஸ்ற்’ என்றும் அழைக்கப்படுகின்றன. உள்ளீடு சில வேளைகளில் வெளியீட்டை விடக் கூடியதாகவும் சில வேளைகளில் குறைந்ததாகவும் இருந்தால் இரண்டையும் செய்யும் சுற்று வேண்டும். அது விலை கூடியது, திறன் குறைந்தது, பழுதானால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். மின்கலங்களின் மிகத் தாழ்ந்த வோல்ற்றளவே, நாம் வேண்டும் மிகக் கூடிய வெளியீட்டை விட உயர்வாக இருக்குமாறு மின்கலங்களின் எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டால், குறைக்கும் சுற்று மட்டும் போதும். லித்தியம் அயன் மின்கலமொன்று நிறைந்தால் 4.2 வோல்ற்று, சராசரியாக 3.6, வெறுமையாகும்போது 3.0 என்று கொள்வது பாதுகாப்பானது. ஐந்தைத் தொடராக இணைத்தால் நிறைவில் 21, சராசரியில் 18, வெறுமையில் 15 வோல்ற்று. 15 இலிருந்து 12 ஐ எடுக்க மாற்றிக்குப் போதிய இடைவெளி இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மின்கலம் சேர்த்தாலும் பாதகமில்லை, ஆனால் அவசியமுமில்லை.

கம்பியில்லாத் துளைகருவிகள் பலவற்றின் மின்கலப் பொதிகளும் இதே ஐந்து மின்கல அமைப்புத்தான். பெட்டியில் 18 என்று அச்சிட்டிருப்பவையும், 20 அல்லது 21 என்று அச்சிட்டிருப்பவையும் பெரும்பாலும் ஒன்றே; முதலாவது சராசரியையும் மற்றவை நிறைந்த நிலையையும் சொல்கின்றன. அப்படியொரு பொதியும் அதற்குரிய மின்னேற்றியும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், வேலையின் கடினமான பாதி முடிந்துவிட்டதென்றே கூறலாம். ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்: சில வகைகளில், அளவுக்கு மேல் வடிந்துபோவதைத் தடுக்கும் சுற்று பொதியினுள் இல்லாமல் துளைகருவியினுள்ளேயே இருக்கிறது. அத்தகைய பொதியை நேரடியாகப் பயன்படுத்தினால் மின்கலங்கள் மீளமுடியாத அளவுக்கு வடிந்து கெட்டுப்போகும்.

ஐந்து மின்கலங்களே போதுமா என்பதையும் பார்த்துவிடலாம். 18650 என்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளை மின்கலம். 2500 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுள்ள ஐந்து மின்கலங்கள் 18 வோல்ற்றில் 45 வாற்று மணி ஆற்றலைத் தருகின்றன. உச்ச வெளியீடான 24 வாற்றுக்கு, திறனைச் சேர்த்துக் கணக்கிட்டால், 28 வாற்று அளவில் தேவை. 15 வோல்ற்றில் அது 1.9 அம்பியர். நல்ல மின்கலமொன்றுக்கு இது சிரமமான சுமையல்ல. முழுச் சுமையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். ஆனால் பழுதுபார்ப்பு வேலையில் முழுச் சுமை என்பது அபூர்வம்.

இப்போது மாற்றியின் வகை. எல்.எம். 317 போன்ற நேர்கோட்டுச் சீராக்கி மிகவும் எளிமையானது, அதன் வெளியீடு மிகத் தூய்மையானது. ஆனால் வேண்டாத வோல்ற்றளவை அது வெப்பமாக எரித்துவிடுகிறது. 18 வோல்ற்று மின்கலத்திலிருந்து 5 வோல்ற்று, 1 அம்பியர் எடுத்தால் 5 வாற்று பயனாகும், 13 வாற்று வெப்பமாகும். நமது 45 வாற்று மணி இரண்டரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். ஆளிமுறைச் சீராக்கி அப்படியல்ல. உள்ளீட்டை நொடிக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் இணைத்தும் துண்டித்தும், இணைந்திருக்கும் நேரத்தின் விகிதத்தால் வெளியீட்டை அமைத்து, தூண்டியாலும் (கம்பிச் சுருள்) கொள்ளளவியாலும் (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்பு) அதனை நிரவிவிடுகிறது. ஆளி திறந்திருக்கும்போது மின்னோட்டம் இல்லை. மூடியிருக்கும்போது அதன் குறுக்கே வோல்ற்றளவு மிகக் குறைவு. எனவே எந்த நிலையிலும் பெரிய வெப்பம் உண்டாவதில்லை. 85 சதவீதத் திறனில், அதே 5 வோல்ற்று 1 அம்பியர் ஏழரை மணித்தியாலம் கிடைக்கும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவிக்கு இந்த வேறுபாடு வெறும் வெப்பப் பிரச்சினை. மின்கலத்துக்கோ இது மூன்று மடங்கு ஆயுள்.

எல்.எம். 2596 அல்லது எக்ஸ்.எல். 4015 ஐ.சி. கொண்ட, வோல்ற்றளவுக்கும் மின்னோட்டத்துக்கும் தனித்தனித் திருகியுள்ள ஆயத்த மொடியூல்கள் கிடைக்கின்றன. தொடக்கநிலையினர் இவற்றையே எடுத்துக்கொள்ளலாம். முதலாவது 3 அம்பியருக்கும் இரண்டாவது 5 அம்பியருக்கும் வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்களின் பாதியளவில் இயக்குவதே சிறிய மூடிய பெட்டியினுள் அறிவுடைமை, ஆகையால் இரண்டாவதையே நான் தெரிவுசெய்வேன். மொடியூலிலுள்ள குட்டித் திருகிகளைக் கழற்றிவிட்டு, அதே பெறுமானமுள்ள மாறுந்தடைகளை முகப்பில் பொருத்தினால் மேசைக் கருவியின் வடிவம் வந்துவிடுகிறது. அவற்றுக்குச் செல்லும் கம்பிகள் குட்டையாகவும் முறுக்கப்பட்டும் இருக்க வேண்டும். பின்னூட்டப் பாதை நீண்டால் ஆளியின் இரைச்சலை அது உள்வாங்கி வெளியீட்டை அலைக்கழிக்கும். மாறுந்தடை வெளியீட்டுக்கும் பின்னூட்ட முனைக்கும் இடையில் இருக்கும் சுற்றுகளில், அதன் தொடுகை தேய்ந்து ஒரு கணம் விட்டுப்போனாலும் வெளியீடு உச்சத்துக்குப் பாய்ந்துவிடும் என்பதால், மாறுந்தடைக்குச் சமாந்தரமாக நிலையான தடையொன்றை வைத்து உச்சத்தை 12 வோல்ற்றோடு கட்டிவிடுவது நல்லது.

இவ்வகை மொடியூல்களில் ஒரு பொறி உண்டு. மின்னோட்டத்தை அளக்கும் சிறு தடை பெரும்பாலும் மறைப் (நெகட்டிவ்) பக்கத்திலே வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் உள்ளீட்டு மறை முனையும் வெளியீட்டு மறை முனையும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. இடையில் அந்தத் தடை இருக்கிறது. இரண்டையும் எங்காவது இணைத்துவிட்டால், மின்னோட்டம் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும், மின்னோட்ட வரம்பு முற்றாகச் செயலிழந்துவிடும், வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது. இலக்கக் காட்சிக்கு மின்கலத்திலிருந்து மின் எடுக்கும்போதும், பெட்டியில் யூ.எஸ்.பி. துளையொன்றைக் கூடுதலாகப் பொருத்தும்போதும், உலோகப் பெட்டியில் முனைகளைத் திருகும்போதும் இந்த இணைப்பு அறியாமலே ஏற்படக்கூடும். வயரிங் தொடங்குமுன், எதுவும் இணைக்காத நிலையில், பல்மானியால் இவ்விரு முனைகளையும் அளந்து, எந்தக் கம்பி எந்த மறைக்குரியது என்று நிறத்தால் பிரித்துவிடுவது பல மணி நேரத் தலையிடியைத் தவிர்க்கும்.

ஆளிமுறையின் குறை, வெளியீட்டில் எஞ்சும் சிற்றலை, அதாவது வோல்ற்றளவின் வேகமான சிறு ஏற்றத்தாழ்வு. எல்.எம். 2596 இன் அதிர்வெண் 150 கிலோஹேர்ட்ஸ். அதன் மடங்குகளான 600, 750, 900 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலை வானொலியின் நடுவிலேயே விழுகின்றன. பழைய வானொலியை இதில் இயக்கினால் நிலையத்துக்குப் பதிலாக வழங்கியின் சத்தமே கேட்கக்கூடும். 10 மைக்ரோஹென்றித் தூண்டியொன்றைத் தொடராகவும், 470 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியொன்றைக் குறுக்காகவும் வெளியீட்டில் சேர்த்தால், வெட்டும் அதிர்வெண் (அதற்கு மேலுள்ள அலைவுகள் அடக்கப்படும் எல்லை) 2.3 கிலோஹேர்ட்ஸ் அளவில் அமைவதால் சிற்றலை பெருமளவு அடங்கிவிடும். பின்னூட்டத்தை, புதிதாகச் சேர்த்த இந்தத் தூண்டிக்கு முன்னாலுள்ள புள்ளியிலேயே வைத்திருக்க வேண்டும். பின்னால் எடுத்தால் சுற்று அலையத் தொடங்கலாம்.

ஆனால் வெளியீட்டில் கொள்ளளவியைக் கண்டபடி பெருக்கவும் கூடாது. மின்னோட்ட வரம்பு கட்டுப்படுத்துவது மாற்றியை மட்டுமே. வெளியீட்டுக் கொள்ளளவியில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் மின்னேற்றத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. 12 வோல்ற்றில் 1000 மைக்ரோபரட்டு 0.072 யூல் ஆற்றலைச் சேமித்திருக்கும். வரம்பை 20 மில்லி அம்பியரில் வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் சிறிய எல்.ஈ.டி. ஒன்றைத் தொடுத்தால், வரம்பு விழித்துக்கொள்வதற்கு முன்பே அந்த ஆற்றல் அதனைக் கொன்றுவிடலாம். முதலில் வோல்ற்றளவைத் தாழ்த்தி, இணைத்த பின்பு மெல்ல உயர்த்துவதே முறை.

மின்கலங்களின் பாதுகாப்பில் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஐந்து மின்கலத் தொடருக்கான ‘பீ.எம்.எஸ்.’ பலகை ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே கவனித்து, அளவுக்கு மேல் ஏறினாலோ வடிந்தாலோ, மின்னோட்டம் மிஞ்சினாலோ பொதியைத் துண்டிக்கிறது. இதனைக் கடைசிக் காவலாகவே கருத வேண்டும். வேலை நடுவில் திடீரென்று துண்டிப்பு ஏற்படாதபடி, மொத்த வோல்ற்றளவு 16 இற்கு இறங்கும்போதே எச்சரிக்கும் சிறிய காட்டியொன்று இருப்பது நல்லது. பொதியின் நேர் முனைக்கு மிக அருகில் 5 அம்பியர் உருகி ஒன்று கட்டாயம். மின்னேற்றுவதற்கு 21 வோல்ற்றில் நிற்கும், மின்னோட்டம் வரம்பிடப்பட்ட லித்தியம் மின்னேற்றி மட்டுமே பொருந்தும். வீட்டில் கிடக்கும் ஏதோவொரு 24 வோல்ற்று அடப்ரரைச் செருகுவது தீ விபத்துக்கு வழி. மின்னேற்றிக்கொண்டே பயன்படுத்தினால், மேலே சொன்ன புவியற்ற தன்மையும் போய்விடும், ஏனெனில் மின்னேற்றியினுள் இருக்கும் சிறு கொள்ளளவிகள் வழியே சுவர் மின்சாரத்தின் மெல்லிய கசிவு வெளியீட்டுக்கு வந்துவிடுகிறது.

மின்கலத்தின் மேலுறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அதனை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். 18650 உருவில் நல்ல தரமான மின்கலமே 3500 அளவில்தான் இருக்கும். பழைய மடிகணினிப் பொதிகளிலிருந்து எடுத்தவற்றைப் பயன்படுத்துபவர்கள், 2 வோல்ற்றுக்குக் கீழே போனவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றின் கொள்ளளவை அளந்து ஏறத்தாழ ஒத்தவற்றை மட்டுமே தொடராக்க வேண்டும். தொடரில் மிகப் பலவீனமான மின்கலமே முழுப் பொதியின் கொள்ளளவையும் நிர்ணயிக்கிறது. மின்கலத்தின் மேல் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டக்கூடாது. நிக்கல் பட்டையை ஸ்பொட் வெல்டிங் செய்வித்துக்கொள்ள வேண்டும், அல்லது மின்கலத் தாங்கிகளைப் பயன்படுத்த வேண்டும்.

பிரதான ஆளி மாற்றிக்கு முன்னால் இருக்கட்டும். இலக்கக் காட்சி 20 மில்லி அம்பியர் எடுத்தாலே, மறந்துபோய் விட்ட கருவி ஐந்து நாட்களில் மின்கலங்களை வெறுமையாக்கிவிடும். வெளியீட்டுக்குத் தனியாக இன்னொரு ஆளி இருந்தால், திருகிகளை அமைத்த பின்பு சுற்றுக்கு மின் கொடுக்கலாம். இந்த வழங்கியால் வேறொரு மின்கலத்தை ஏற்றும் எண்ணமிருந்தால், பின்னோக்கிய பாய்ச்சலைத் தடுக்க ஷொட்கி இருவாயி ஒன்றை அந்த இணைப்புக் கம்பியில் சேர்க்க வேண்டும்.

கல்லடியிலோ ஒலுவிலிலோ கடற்கரைக்கு அண்மையில் வேலை செய்பவர்களுக்கு உப்புக்காற்று தனியொரு எதிரி. திறந்த வகை மாறுந்தடைகளும் மலிவான செருகு முனைகளும் விரைவில் பச்சை பிடித்துவிடும். மூடிய வகையையும் நிக்கல் பூசிய பித்தளை முனைகளையும் தெரிவுசெய்வது நன்று. வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் கருவியை விட்டுவிடக்கூடாது, நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதியளவு மின்னேற்றத்தோடு நிழலில் வைக்க வேண்டும்; வெப்பமும் முழு நிறைவும் சேர்ந்தால் லித்தியம் மின்கலம் வேகமாக முதுமையடையும்.

முதல் சோதனைக்கு வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ற்று 21 வாற்றுச் சமிக்ஞை விளக்கு மிகப் பொருத்தமான சுமை. மின்னோட்ட வரம்பை 1 அம்பியருக்கு அமைக்க, வோல்ற்றளவைத் தாழ்த்தி, வெளியீட்டு முனைகளைப் பல்மானியின் அம்பியர்த் துளைகள் வழியாகக் குறுக்கிட்டுத் திருகியைச் சரிசெய்ய வேண்டும். பின்பு விளக்கை இணைத்து வோல்ற்றளவை உயர்த்தினால், 12 ஐ எட்டுவதற்கு முன்பே காட்சி ஓரிடத்தில் நின்றுவிடும், விளக்கு மங்கலாக எரியும். வரம்பு வேலை செய்கிறது. வரம்பை 2 அம்பியருக்கு உயர்த்தியதும் விளக்கு 1.75 அம்பியர் அளவில் எடுத்து முழு ஒளியில் எரிய வேண்டும். அந்த நிலையில் முனைகளிலும் விளக்கினருகிலும் வோல்ற்றளவைத் தனித்தனியே அளந்தால் இணைப்புக் கம்பி எவ்வளவு விழுங்குகிறது என்பதும் தெரியும்: 0.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி போகவர இரண்டு மீற்றர் இருந்தால் 0.12 வோல்ற்று அளவில் இழப்பு வரும், 3.3 வோல்ற்றுச் சுற்றுகளில் இது புறக்கணிக்கத்தக்கதல்ல. அரை மணித்தியாலம் அப்படியே எரியவிட்டு, ஐ.சி. யின் மேலும் தூண்டியின் மேலும் மின்கலப் பொதியின் மேலும் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். மின்கலங்கள் இளஞ்சூட்டைத் தாண்டக்கூடாது, ஐ.சி. விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், பெட்டியை மூடுவதற்கு முன்பாக அலுமினியத் தகடொன்றை அதற்குப் பொருத்தி, மீண்டும் அதே விளக்கோடு அரை மணித்தியாலம் பார்க்க வேண்டும்.